நீலியின் சாட்சி

1

'நீலிக் கண்ணீர்' என்ற சொல்லைப் பயன்படுத்தாத தமிழர் அநேகமாக இல்லை. வீட்டில் அழும் பெண்ணைப் பார்த்துச் சொல்கிறோம். மேடையில் எதிர்க்கட்சிக்காரர் வருத்தம் தெரிவித்தால் சொல்கிறோம். பொய்யழுகை என்பது அதன் பொருள். அழுதவள் யார், எதற்காக அழுதாள், அவள் சொன்னதில் எது பொய் என்று கேட்பவர்கள் குறைவு. வழக்கு மறந்துபோய், தீர்ப்பு மட்டும் மொழியில் தங்கிவிட்டது. அந்த வழக்கை மறுபடியும் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பேய்க்கதை என்றதும் நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. பேய் என்பது மூடநம்பிக்கை, அதோடு விஷயம் முடிந்தது என்பது ஒன்று. கதையைப் பதிவு செய்து, வகைப்படுத்தி, அட்டவணையில் சேர்ப்பது மற்றது. இரண்டாவதால் நமக்குப் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இரண்டுமே ஒரு எளிய கேள்வியைத் தவிர்த்துவிடுகின்றன. ஒரு சமூகம் ஒருத்தியைப் பேயாகக் கற்பித்து, ஆயிரத்து முன்னூறு வருஷங்களாகக் கைவிடாமல் வைத்திருக்கிறது என்றால், அவளுக்கும் அதற்கும் இடையே தீராத கணக்கு என்ன?

நீலியின் கதையைப் பல ஊர்களில் பல விதமாகச் சொல்கிறார்கள். பெயர்களும் ஜாதிகளும் மாறுகின்றன. நடப்பது பெரும்பாலும் மாறுவதில்லை. தொண்டை நாட்டுக் கதையில் ஒரு பிராமணன் காசிக்குப் போகிறான். ஊரில் மனைவி இருப்பதை மறைத்து அங்கே இன்னொருத்தியை மணக்கிறான். அவளை அழைத்துக்கொண்டு திரும்பும்போது, ஊர் நெருங்க நெருங்கப் பயம் வந்து, திருவாலங்காட்டுக்கு அருகே அவளைக் கொன்றுவிடுகிறான். திருநெல்வேலி, நாஞ்சில் நாட்டுப் பக்கம் வில்லுப்பாட்டில் வரும் கதையில் கொல்லப்படுகிறவள் ஒரு தாசி. கோயில் பூசை செய்யும் நம்பி அவளிடம் வந்து கைப்பொருளை எல்லாம் தொலைக்கிறான். வீட்டிலிருந்து அவனை விரட்டிவிடுகிறார்கள். அவளோ அவன்மேல் கொண்ட பிரியத்தால், போட்டிருந்த நகைகளோடு அவன் பின்னாலேயே போகிறாள். காட்டில் அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். தூங்குகிறவளின் தலையில் கல்லைப் போட்டுக் கொல்கிறான். அங்கே சாட்சிக்கு மனிதர் யாரும் இல்லை. பக்கத்தில் நின்ற கள்ளிச்செடியைச் சாட்சி வைத்துவிட்டு அவள் சாகிறாள். தேடிவந்த அண்ணனும் அந்த இடத்திலேயே உயிரை விடுகிறான். நகைகளை எடுத்துக்கொண்டு போன நம்பியைப் பாம்பு கடிக்கிறது.

அடுத்த பிறவியில் அண்ணனும் தங்கையும் நீலன், நீலி என்று இரட்டைக் குழந்தைகளாகப் பிறக்கிறார்கள். ஊர் தூங்கும்போது தொழுவத்து மாடுகளைத் தின்கிறார்கள். காட்டில் விடப்படுகிறார்கள். அண்ணன் அழிகிறான், நீலி மிஞ்சுகிறாள். கொன்றவன் இப்போது ஒரு செட்டி. ஆபத்து இருக்கிறது என்று சோதிடர் சொன்னதால், மந்திரம் ஏற்றிய கத்தி ஒன்றை எப்போதும் கையில் வைத்திருக்கிறான். வியாபாரத்துக்காகப் பழையனூர் வழியே வருகிறவனை நீலி பின்தொடர்கிறாள். கள்ளிக்கொம்பு ஒன்றை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். ஊர் அம்பலத்தில் வேளாளர் எழுபது பேர் கூடியிருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நின்று அழுகிறாள்: இவர் என் புருஷன், இது இவர் பிள்ளை, என்னை வேண்டாம் என்கிறார், அந்தக் கத்தியால் என்னைக் கொன்றுவிடுவார் என்று பயமாக இருக்கிறது. செட்டி மறுக்கிறான். இறக்கிவிடப்பட்ட குழந்தை தத்தித் தத்திப் போய் அவனை அப்பா என்று கூப்பிடுகிறது. சபைக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? கத்தியை வாங்கிவைத்துக்கொண்டு, இரண்டு பேரும் இன்றிரவு ஒரு வீட்டில் தங்குங்கள் என்கிறார்கள். உன் உயிருக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் எழுபது பேர் உயிரையும் தருகிறோம் என்று செட்டிக்கு வாக்குக் கொடுக்கிறார்கள். காலையில் அவன் குடல் கிழிந்து கிடக்கிறான். நீலி இம்முறை செட்டியின் தாயாக வந்து, என் மகன் எங்கே என்று அழுகிறாள். எழுபது பேரும் தீக்குழியில் இறங்குகிறார்கள். வயலில் உழுதுகொண்டிருந்த ஒருவர் செய்தி கேட்டு, ஏர்க்கொழுவில் பாய்ந்து உயிரைவிட்டதாகவும் சொல்வார்கள்.

2

இதை ஏட்டில் யார் எப்போது எழுதினார்கள் என்று பார்த்தால் சுவாரஸ்யமான ஒரு விஷயம் தெரிகிறது.

ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் பழையனூர் ஆலங்காட்டைப் பாடுகிறார். பதிகத்தின் முதல் பாட்டிலேயே, வஞ்சித்து உயிர் கொள்ளும் ஒருத்தியைப் பற்றிய குறிப்பு வந்துவிடுகிறது. அவளுக்குப் பெயர் இல்லை, 'ஒருத்தி' அவ்வளவுதான். அதைக் கேட்டு ஊர் அஞ்சுகிறது. எழுபது பேர் இல்லை, வாக்கு இல்லை, தீ இல்லை. அவற்றையெல்லாம் உரைகாரர்கள்தான் அந்த வரிகளுக்குள் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். பாட்டில் மிஞ்சுவது பெயரற்ற ஒரு பெண்ணும் ஒரு ஊரின் பயமும்தான்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார், திருக்குறிப்புத் தொண்டர் புராணத்தில் தொண்டை நாட்டின் பெருமையைச் சொல்லும்போது இதே சம்பவத்தைத் தொடுகிறார். பழையனூர்க்காரர்கள் தங்கள் உயிரையும் வணிகனுக்குக் கொடுத்த சொல்லையும் நிறுத்துப் பார்த்து, சொல்லைக் காத்தார்கள் என்கிறார். இங்கே வணிகன் இருக்கிறான், ஊரார் இருக்கிறார்கள், வாக்கு இருக்கிறது. பெண் இல்லை. ஒரு துன்பம் வந்தது என்பதற்கு மேல் சேக்கிழார் போகவில்லை. பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவம் சேக்கிழார் புராணம் எழுதும்போதுதான் எல்லாம் ஒன்றாகச் சேர்கிறது: நீலி என்ற பெயர், அவள் செய்த வஞ்சனை, வணிகனின் சாவு, எழுபது பேர், தீக்குழி. ஆனால் அது வேளாளர் குலப்பெருமையைச் சொல்லும் இடம். சேக்கிழாரே அந்தக் குலத்தவர்தான். நீலி அங்கே வருவது எழுபது பேரின் வாய்மை துலங்குவதற்காக.

ஆக, முதலில் பெண்ணும் பயமும். பிறகு பெண்ணில்லாத பெருமை. கடைசியில் பெருமைக்குக் கருவியாகப் பெண். ஒரு ஊரின் பயம் எழுநூறு வருஷத்தில் ஒரு குலத்தின் கௌரவமாக மாறியிருக்கிறது.

இடையில் நடந்த ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1905-இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சோழ வரலாற்றுக்கு முக்கியமான ஆதாரம் என்பது எல்லோருக்கும் தெரியும். சோழர் வம்சாவளிக்காகவே அவற்றைப் புரட்டுகிறோம். ஆனால் ராஜேந்திர சோழன் அவற்றை வெட்டச் சொன்னது ஒரு தானத்துக்காக. பழையனூர் கிராமத்தை ஆலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்த சாசனம் அது. பிரமதேயமாக இருந்த ஊர், அதிலிருந்து நீக்கப்பட்டு வெள்ளான்வகை ஆக்கப்பட்டுக் கோயிலுக்கு வருகிறது. நிலம், கோயில், உழுகுடித் தலைமை மூன்றும் அங்கே இப்படிப் பிணைகின்றன. ஒரு சபையின் வாக்கு உயிரை விடப் பெரியது என்ற கதை, அத்தகைய ஊருக்கு வெறும் கதை அல்ல. அந்தத் தலைமைக்கு ஆதாரம். தீப்பாய்ந்தவர்களுக்கு அங்கே நினைவு மண்டபம் இருப்பதில் வியப்பில்லை.

எழுபது பேரின் செயலைச் சிறுமைப்படுத்துவது என் எண்ணம் அல்ல. கொடுத்த வாக்கிலிருந்து நழுவ நூறு வழி இருந்தும் நழுவாதவர்களை எந்தச் சமூகமும் கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அவர்களைக் கொண்டாடிய கை, கதையின் முன்பாதியைக் கிழித்துவிட்டது. காட்டில் விழுந்த கல் புராணத்தில் இல்லை.

3

ஆலங்காட்டின் பேய் நீலி மட்டுமல்ல. அது காளி ஆடித் தோற்ற காடு. காரைக்காலம்மையார் பேயுருவோடு ஈசன் ஆட்டத்தைப் பார்த்துக் கிடந்த காடு. அம்மை தலையால் நடந்த மண்ணைக் காலால் மிதிக்க அஞ்சி, சம்பந்தர் பக்கத்து ஊர் ஒன்றில் தங்கினார், அங்கேதான் எம்மைப் பாட மறந்தாயோ என்று ஈசன் கனவில் வந்து கேட்டார் என்கிறார் சேக்கிழார். அந்த ஊர் பழையனூர் என்றால், அம்மைக்கு அஞ்சியவர் தங்கிய ஊர் நீலிக்கு அஞ்சிய ஊர்!

இந்த இரண்டு பேய்களையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் அதிகம் இல்லை. இரண்டு பேருமே ஆணால் விடப்பட்டவர்கள். புனிதவதியின் கணவன் ஒரு வணிகன். அவள் கையில் மாம்பழம் வந்த அதிசயத்தைக் கண்டு பயந்து, கப்பலேறிப் போகிறான். பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்து குடித்தனம் நடத்துகிறான். தேடிச்சென்ற அவள் காலில் புது மனைவியோடும் குழந்தையோடும் விழுகிறான். கணவனுக்காகச் சுமந்த தசைப்பொதியைக் கழற்றிவிடும்படி அவள் கேட்டு, பேய்வடிவம் பெறுகிறாள். அவள் யாரையும் பழிவாங்கவில்லை. தன் உடம்பைத்தான் அழித்துக்கொண்டாள். அவளை அம்மையே என்று இறைவன் அழைத்தார். நீலி தன் உடம்புக்கு நேர்ந்ததைப் பற்றிக் கேட்டாள். அவள் பழமொழியானாள். விடப்பட்ட பெண் பேயாகலாம் என்பதை மரபு ஒத்துக்கொள்கிறது. அவள் வழக்குத் தொடரக்கூடாது என்பதுதான் நிபந்தனை போலிருக்கிறது.

ஜைனர்கள் நீலியை வேறு விதமாக நடத்தினார்கள். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் 'நீலகேசி'யை 1936-இல் சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்தார். பௌத்தக் காப்பியமான குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த நூல் இது. ஆசிரியர் பெயர் தெரியவில்லை. பாஞ்சால நாட்டுச் சுடுகாடு ஒன்றில் காளி கோயில். அங்கே பலி கொடுக்க வந்தவர்களிடம், உயிரைக் கொல்லாதீர்கள், மண்ணால் உருவம் செய்து வையுங்கள் என்று முனிச்சந்திரர் என்ற ஜைன முனிவர் சொல்லிவிடுகிறார். பலி இழந்த காளி, முனிவரை விரட்ட ஆள் தேடுகிறது. தெற்கே பழையனூரிலிருந்து நீலியை அழைக்கிறது. அவ்வளவு தூரம் அவள் புகழ் பரவியிருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். நீலி பயமுறுத்திப் பார்க்கிறாள், அரசகுமாரியாக வந்து மயக்கிப் பார்க்கிறாள். முனிவர் அசையவில்லை. அவள் மாணவியாகிறாள். அதன்பின் நூல் முழுவதும் வாதம். பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர் என்று ஒவ்வொருவராகச் சபையில் சந்தித்து வெல்கிறாள்.

தமிழில் ஒரு பேய்க்குத் தர்க்கம் கற்றுக்கொடுத்த நூல் இது. சபையில் நின்று ஒரு பெண் ஆணோடு சரிக்குச் சரி வாதாடுவதை, அதுவும் பேய்மகள் வாதாடுவதை, பத்தாம் நூற்றாண்டில் ஒருவர் கற்பனை செய்திருக்கிறார். ஆனாலும் இதில் ஒரு குறை உண்டு. நீலி உலகத்துச் சமயங்களை எல்லாம் விசாரிக்கிறாள். தன் கொலையைப் பற்றிப் பேசுவதில்லை. அவளுக்கு நேர்ந்தது அகிம்சை தத்துவத்தில் கரைந்துவிடுகிறது. கடைசியாக வரும் பூதவாதியோடுதான் பழைய நீலி ஒரு கணம் தலைகாட்டுகிறாள். கண்ணால் கண்ட பூதங்களைத் தவிர வேறு எதுவும் இல்லை என்கிறவனுக்கு, அவள் தன் பேய்வடிவைக் காட்டிவிடுகிறாள். அவன் நடுங்குகிறான். எட்டு வாதங்களைச் சொல்லால் வென்றவள் ஒன்பதாவதற்கு உருவத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது.

4

இப்போது அம்பலத்துக்குத் திரும்பலாம்.

நீலி சபையில் சொன்னவை மூன்று. இவன் என் புருஷன். இது இவன் பிள்ளை. இவன் என்னைக் கொல்வான். மூன்றும் பொய் என்று கதை நமக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருப்பதால்தான் நீலிக் கண்ணீர் என்கிறோம். ஆனால் முழுக்கதையும் தெரிந்தவருக்கு அப்படித் தோன்றாது. அவன் அவள் புருஷன்தான், அல்லது அவளை அனுபவித்தவன்தான். அவன் அவளைக் கொன்றவன்தான். இறந்தகாலத்தில் சொல்ல வேண்டியதை எதிர்காலத்தில் சொல்கிறாள் என்பதைத் தவிர அதில் பொய் இல்லை. முன்பிறவி என்பது இங்கே வெறும் அலங்காரம் அல்ல. ஆணின் குற்றத்தை எந்தச் சபையும் விசாரிக்க முடியாத இடத்துக்குக் கொண்டுபோய் வைப்பதற்கு மிக வசதியான ஏற்பாடு. குற்றம் போன பிறவியில்; புகார் இந்தப் பிறவியில். இந்தப் பிறவியில் செட்டி நிரபராதி. ஆகவே புகார் சொல்கிறவள் பொய்க்காரி.

குழந்தையோ? அதுதான் கதையின் மிக நுட்பமான இடம் என்று நினைக்கிறேன். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கினாள் என்பதைப் பேயின் மாயவித்தையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். காட்டில் கொலை நடந்தபோது அவள் சாட்சிக்கு அழைத்தது அந்தக் கள்ளியைத்தான் என்பதை வில்லுப்பாட்டுக்காரர் மறக்கவில்லை. அன்றைக்குப் பேச முடியாத சாட்சிக்கு இன்றைக்கு அவள் வாய் கொடுத்திருக்கிறாள். அவள் சபைக்குக் கொண்டுவந்தது பொய்ப் பிள்ளையை அல்ல. அந்தக் கொலையைக் கண்ணால் கண்ட ஒரே சாட்சியை. ஆனால் சபையின் மொழியில் பெண் கொண்டுவரக்கூடிய சாட்சி ஒன்றே ஒன்றுதான்: அவள் பெற்ற பிள்ளை. ஆகவே கள்ளி பிள்ளையாகத்தான் வர வேண்டியிருக்கிறது; 'கொலைகாரன்' என்று சொல்ல வேண்டிய வாயால் 'அப்பா' என்று கூப்பிட வேண்டியிருக்கிறது. நான் கொல்லப்பட்டேன் என்று அவள் சொல்லியிருந்தால் எழுபது பேரில் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். புருஷன் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறான் என்றவுடன் சபை கூடிவிட்டது.

சபையின் தீர்ப்பையும் கவனிக்க வேண்டும். இருவரையும் ஒரே வீட்டில் படுக்கச் சொல்கிறது. கொல்வானோ என்று பயந்து அழுகிற பெண்ணுக்கும், அவள் யாரென்றே தெரியாது என்கிற ஆணுக்கும் அது கண்ட பரிகாரம் இதுதான். ஊர்ப் பஞ்சாயத்து இன்றும் பல இடங்களில் சொல்லும் தீர்ப்பு இது. சேர்த்துவைத்தால் சரியாகிவிடும். உயிருக்கு உத்தரவாதத்தை ஆணுக்குத்தான் கொடுத்தார்கள், பெண்ணுக்கு அல்ல என்பதும் கவனிக்கத்தக்கது. அந்த உத்தரவாதம்தான் அவர்களை எரித்தது.

நீலி செய்தது நியாயம் என்று நான் வாதிடவில்லை. எழுபது பேர் அவளுக்கு ஒரு தீங்கும் செய்யாதவர்கள். ஏர்க்கொழுவில் பாய்ந்த உழவர் அந்தச் சபையிலேயே இல்லாதவர். விசாரிக்கப்படாத ஒரு கொலை, அதோடு சம்பந்தமில்லாத ஒரு ஊரையே எரித்துவிடுகிறது. கதை சொல்வது இதைத்தான். ஆனால் நாம் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் நேர்மாறானது: அழும் பெண்ணை நம்பாதே. கொன்ற ஆணைப் பற்றி ஒரு பழமொழிகூட மிஞ்சவில்லை. நம்பி வாக்கு, செட்டி சத்தியம் என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை.

5

கதையை முதலிலிருந்து கடைசிவரை கேட்கிற இடம் ஒன்று உண்டு. அது தெற்கே, கோயில் கொடைகளில். வில்லுப்பாட்டு மரபை ஆராய்ந்து 1988-இல் புத்தகம் எழுதிய ஸ்டூவர்ட் ப்ளாக்பர்ன், அங்கே பாடப்படும் கதைகளைப் பிறப்பை வைத்தும் இறப்பை வைத்தும் பிரித்துக் காட்டினார். தெய்வமாகவே பிறந்தவர்கள் ஒரு வகை. அகாலமாக, அநியாயமாகச் செத்துத் தெய்வமானவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகையில் கொலை ஒளிக்கப்படுவதில்லை. அதுதான் கதையின் மையம். கொலை நடக்கும் இடத்துக்குப் பாட்டு வரும்போது உடுக்கும் குடமும் வேகமெடுக்கின்றன. சாமி வந்து ஆடுவது அப்போதுதான். சபை கேட்காத புகாரை ஊர் வருஷத்துக்கு ஒருமுறை இரவெல்லாம் விழித்திருந்து கேட்கிறது.

அங்கே நீலி இசக்கியாகிவிடுகிறாள். ஆரல்வாய்மொழிக்கு அருகே முப்பந்தலில் அவளுக்குப் பெரிய கோயில் இருக்கிறது. இசக்கி என்ற சொல் இயக்கியிலிருந்து வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. மதுரைக்கு வெளியே இயக்கிக்குப் பால்சோறு படைத்துவிட்டுத் திரும்பும் மாதரி என்ற இடைக்குல மூதாட்டியிடம்தான் கவுந்தியடிகள் கண்ணகியை ஒப்படைக்கிறார். குமரி மாவட்டத்துச் சிதறால் மலையில் ஜைனர்கள் வணங்கிய இயக்கி, குழந்தைகளோடு நிற்கும் அம்பிகை. ஜைனம் போனபின் அந்தக் கோயில் பகவதி கோயிலாயிற்று. பிள்ளையோடு நிற்கும் தாய்த்தெய்வமும் கள்ளிப்பிள்ளையோடு சபைக்கு வந்த நீலியும் தெற்கே ஒரே உருவத்தில் கலந்துவிட்டார்கள் போலும். நீலியை மாணவியாக்கிய ஜைனம் தன் இயக்கியையும் அவளுக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

அந்த உருவம் சாதுவானது அல்ல. இசக்கியின் மண்சிலைகளில் ஒரு கையில் குழந்தை இருக்கும். சிலவற்றில் இன்னொரு குழந்தை வாயில் கடிபட்டிருக்கும். பிள்ளை வரம் வேண்டித் தொட்டில் கட்டுவதும் அவளிடம்தான். கர்ப்பிணி அவள் கண்ணில் படக்கூடாது என்று பயப்படுவதும் அவளுக்குத்தான். படித்தவர்களுக்கு இது முரணாகத் தெரியும். கும்பிடுகிறவர்களுக்கு இதில் முரண் இல்லை. அநியாயமாகச் செத்தவளுக்குக் கோபம் இருக்கும். அந்தக் கோபத்துக்கு ஒரு இடமும் வருஷத்துக்கு ஒரு கொடையும் வேண்டும். கோபமே இல்லை என்று பாசாங்கு செய்யவும் முடியாது. அதை அவிழ்த்துவிடவும் முடியாது. நீதி தர முடியாதவர்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான். செத்தவளுக்குக் கோயில் கட்டுவது, உயிரோடு இருக்கிறவளின் வழக்கைக் கேட்பதற்கு ஈடாகாது என்பதும் உண்மை. ஆனாலும் கொலையை மறக்காமல் வைத்திருந்தது ஏடு அல்ல, வில்லு.

நெல்லைப் பக்கம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இசக்கி என்று பெயர் வைக்கிறார்கள். இசக்கிமுத்து, இசக்கியம்மாள் என்று பள்ளிக்கூடப் பதிவேடுகள் நிறைந்திருக்கும். அதே வீடுகளில், அடிபட்டு வந்து அழும் பெண்ணைப் பார்த்து, நீலிக் கண்ணீர் வடிக்காதே என்று சொல்பவர்களும் இருப்பார்கள். இரண்டும் ஒருத்தியின் பெயர்தான் என்பது அவர்களுக்கு நினைவிருக்காது. பாதிக் கதை கோயிலிலும் பாதிக் கதை பழமொழியிலும் கிடக்கிறது. கள்ளியைக் கேட்காமல் சொன்ன தீர்ப்பை நம் வாய் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.